மணமுறிவுக்குப் பின் பிள்ளை வளர்ப்பில் ஓயாத சச்சரவு: ‘விவாகரத்து கோச்’ ஒருவரை நாடலாமா?

கேள்வி: நொய்யல்கரை (கோயம்புத்தூர்)

அனைவருக்கும் வணக்கம். எனக்கும் என் முன்னாள் கணவருக்கும் இங்குள்ள குடும்ப நல நீதிமன்றத்தில் பரஸ்பர சம்மதத்தின் பேரில் விவாகரத்து ஆகிவிட்டது. எட்டு வயது மகள் என்னோடு இருக்கிறாள். அவர் திருப்பூரில் தம் பெற்றோரோடு வசிக்கிறார். மாதத்தின் இரண்டாம், நான்காம் சனிக்கிழமைகளில் மகள் அப்பாவிடம் செல்ல வேண்டும், கோடை விடுமுறையில் பாதி நாட்கள் அங்கே தங்க வேண்டும், பள்ளிக் கட்டணத்தில் பாதியை அவர் செலுத்த வேண்டும் என்று நாங்கள் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறது. எத்தனை மணிக்கு அழைத்துச் செல்வது, எத்தனை மணிக்குத் திரும்பக் கொண்டுவந்து விடுவது, தீபாவளியும் பொங்கலும் யாரோடு, பள்ளியில் பெற்றோர் கூட்டத்துக்கு யார் போவது, பிள்ளையோடு தொலைபேசியில் எப்போது பேசலாம் என்பவை பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை.

சண்டை முழுவதும் அந்த எழுதப்படாத இடங்களில்தான் நடக்கிறது. வெள்ளிக்கிழமை மாலையே வாட்ஸ்அப்பில் தொடங்கிவிடும். நேரம் பற்றிய ஒரு கேள்வி, பத்தாவது செய்திக்குள் என் தம்பியின் திருமணத்தில் யார் யாரை மதிக்கவில்லை என்பது வரை போய் நிற்கும். சனிக்கிழமை இரவு திரும்பி வரும் மகள், “அப்பாகிட்ட ஏம்மா எப்பவும் பணம் கேக்குறே?” என்று கேட்கிறாள். அங்கே போகும் நாளில் அவளுக்குக் காலையிலேயே வயிற்றுவலி வந்துவிடுகிறது.

பெங்களூரில் இருக்கும் என் சித்தி மகள், இணையவழியில் ஆலோசனை தரும் ஒரு ‘விவாகரத்து மற்றும் பெற்றோர்மை கோச்’ (மணமுறிவையும் அதன் பின் பிள்ளை வளர்ப்பையும் சமாளிக்கப் பழக்கும் பயிற்றுநர்) பற்றிச் சொன்னார். அவரிடம் பேசினேன். கட்டணத்தை முழுவதுமாக முன்பணமாகக் கட்ட வேண்டுமாம். மூன்றே மாதத்தில் என் முன்னாள் கணவரின் போக்கையே மாற்றிக் காட்டுவதாக உறுதி தருகிறார். வழக்குக் கட்டு முழுவதையும், மகளின் பள்ளி அறிக்கைகளையும், எங்கள் வாட்ஸ்அப் உரையாடல்களையும் அனுப்பச் சொல்கிறார். அவர் கனிவாகத்தான் பேசுகிறார். ஆனாலும் தயக்கமாக இருக்கிறது. இப்படிப்பட்ட கோச்சுக்கு நம் நாட்டில் சட்ட அங்கீகாரம் உண்டா? முன்னாள் கணவர் நிச்சயமாக வரமாட்டார் என்ற நிலையில், நான் ஒருத்தி மட்டும் போவதால் பயன் இருக்குமா? நீதிமன்றத்திலேயே இருக்கும் ஆலோசகரை இதற்கு அணுக முடியாதா? அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்.


பதில்: கறுப்பு அங்கி (சென்னை)

குடும்ப நல வழக்குகளை நடத்தும் வழக்கறிஞர் நான். சட்ட அங்கீகாரம் பற்றிய கேள்விக்கு விடை எளிது: கிடையாது. வழக்கறிஞராக இருப்பதற்கு 1961-ஆம் ஆண்டு வழக்கறிஞர் சட்டத்தின்படி பதிவு வேண்டும். மருத்துவ உளவியலாளர் என்றால் இந்திய மறுவாழ்வு கவுன்சிலின் பதிவு இருக்கிறதா என்று கேட்கலாம். விவாகரத்து கோச் என்று பெயர்ப்பலகை மாட்டிக்கொள்வதற்கு இங்கே எந்தப் பதிவும் தேவையில்லை. அமெரிக்காவில் வழக்கறிஞர் சங்கமே இதைத் தகராறு தீர்க்கும் வழிகளுள் ஒன்றாகப் பட்டியலிட்டிருக்கிறது. அங்கே பல மாநிலங்களில், பெற்றோர் இடையிலான அன்றாடச் சிக்கல்களைப் பேசி முடிக்க நீதிமன்றமே ஒருங்கிணைப்பாளரை நியமிப்பதும் உண்டு. அந்த ஏற்பாட்டின் பெயர் மட்டும் இங்கே வந்திருக்கிறது, கட்டுப்பாடுகள் வரவில்லை.

அங்கீகாரம் இல்லை என்பதால் பயனும் இல்லை என்று சொல்லமாட்டேன். என் கட்சிக்காரர்கள் இரவு பதினொரு மணிக்கு அனுப்பும் செய்திகளில் பெரும்பாலானவை சட்டக் கேள்விகளே அல்ல. “அவர் இப்படி எழுதியிருக்கிறார், நான் என்ன பதில் போடுவது?” என்பதுதான் அவற்றின் சாரம். அதற்கு விடை சொல்ல எனக்குப் பயிற்சி இல்லை, நேரமும் இல்லை. மேலும், குடும்ப நல நீதிமன்றத்தில் வழக்கறிஞரை வைத்துக்கொள்வதை உரிமையாகக் கோர முடியாது என்று 1984-ஆம் ஆண்டுக் குடும்ப நல நீதிமன்றச் சட்டத்தின் 13-ஆம் பிரிவு சொல்வதால், ஆலோசகர் முன்பும் சில நேரம் நீதிபதி முன்பும் கட்சிக்காரரே நின்று பேச நேர்கிறது. எதைக் கேட்கப் போகிறோம், எதை விட்டுக்கொடுப்போம், எந்தக் காகிதம் எந்தக் கோப்பில் இருக்கிறது என்ற தெளிவோடு வருபவருக்கும், ஆத்திரத்தை மட்டும் சுமந்துகொண்டு வருபவருக்கும் உள்ள வேறுபாட்டை ஒவ்வொரு வாய்தாவிலும் பார்க்கிறேன். அந்தத் தெளிவைத் தருவதே நல்ல கோச்சின் வேலை. ஜீவனாம்சம் எவ்வளவு கேட்கலாம், மனுவை எந்தப் பிரிவில் போடலாம் என்று அவர் சொல்லத் தொடங்கினால் எழுந்து வந்துவிடுங்கள்.

அடுத்து, ஆவணங்களை அனுப்பும் விஷயம். இதில் நான் கண்டிப்பாகவே சொல்கிறேன்: அனுப்பாதீர்கள். நீங்கள் வழக்கறிஞரிடம் சொல்வதற்குச் சாட்சியச் சட்டம் பாதுகாப்புத் தருகிறது. சமரசப் பேச்சில் சொல்வதற்கும் ரகசியப் பாதுகாப்பு உண்டு. கோச்சிடம் சொன்னதற்கு அப்படி எந்தப் பாதுகாப்பும் கிடையாது. நாளைக்கு அவரையே சாட்சியாக அழைத்தால் தடுக்க வழியில்லை. குடும்ப நல நீதிமன்றமோ, சாட்சியச் சட்டப்படி ஏற்கத் தகாத ஆவணத்தையும் தகராறைத் தீர்க்க உதவும் என்று கருதினால் ஏற்றுக்கொள்ளலாம் என்று அதே 1984-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 14-ஆம் பிரிவு அனுமதிக்கிறது. கணவன் மனைவிக்கிடையே ரகசியமாகப் பதிவு செய்யப்பட்ட தொலைபேசி உரையாடலையும் திருமண வழக்கில் சாட்சியமாக ஏற்கலாம் என்று 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. ஆகவே வெள்ளிக்கிழமை மாலை நீங்கள் தட்டச்சு செய்யும் ஒவ்வொரு வரியும் ஒருநாள் நீதிமன்றக் கட்டில் இணைக்கப்படக்கூடியது என்ற நினைவோடு எழுதுங்கள்.

நீதிமன்ற ஆலோசகர் என்பவர் நிலுவையில் உள்ள வழக்குக்கு உரியவர். உங்கள் வழக்கு முடிந்துவிட்டதால் அவரிடம் நேராகப் போக முடியாது. ஆனால், பிள்ளையின் பொறுப்பு, பராமரிப்பு, கல்வி பற்றிய உத்தரவுகளைத் தீர்ப்புக்குப் பிறகும் மாற்றக் கோரி இந்துத் திருமணச் சட்டத்தின் 26-ஆம் பிரிவில் மனுச் செய்யலாம். இத்தகைய உத்தரவுகள் இயல்பிலேயே இறுதியானவை அல்ல, பிள்ளையின் நலனுக்கு ஏற்ப மாற்றத்தக்கவை என்று 1973-இல் ரோசி ஜேக்கப் வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அதற்கும் முன்பாக, மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் விண்ணப்பித்தால் வழக்குப் போடாமலேயே சமரசப் பேச்சுக்கு உங்கள் முன்னாள் கணவரை அழைப்பார்கள். பெண்களுக்கு வருமான வரம்பு பாராமல் அங்கே இலவச சட்ட உதவி உண்டு. 15100 என்ற எண்ணில் விவரம் கேட்கலாம். அந்த முன்பணத்தைக் கட்டுவதற்கு முன் இந்த வாசலைத் தட்டிப் பாருங்கள் என்பதே என் கருத்து.

இன்னொன்று. பள்ளிக் கட்டணத்தில் பாதியை அவர் தரவில்லை என்பதற்காகச் சனிக்கிழமை பிள்ளையை அனுப்ப மறுக்காதீர்கள். பாக்கியை வசூலிக்கத் தனி வழி இருக்கிறது. இரண்டையும் முடிச்சுப் போட்டவர் எந்தப் பக்கத்தில் இருந்தாலும் அவரை நீதிபதிகள் பரிவோடு பார்த்ததில்லை.


பதில்: இரண்டாம் சனி (சென்னை)

அம்மணி, நான் உங்கள் எதிர்த்தரப்பில் இருப்பவன். என் மகன் அவன் அம்மாவோடு திருச்சியில் இருக்கிறான். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ரயிலேறிப் போய்ப் பார்த்து வருகிறேன். நான் ஒரு கோச்சிடம் சில மாதங்கள் பேசினேன். என் முன்னாள் மனைவி இன்றுவரை அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. ஒருவர் மட்டும் போனால் பயன் உண்டா என்ற உங்கள் கேள்விக்கு என்னால் ஓரளவு விடை சொல்ல முடியும்.

முதல் சந்திப்பிலேயே அந்த அம்மையார், “உங்கள் முன்னாள் மனைவியைப் பற்றி நாம் இங்கே பேசப்போவதில்லை, நீங்கள் அடுத்து அனுப்பப்போகும் செய்தியைப் பற்றி மட்டும் பேசுவோம்” என்று சொல்லிவிட்டார். எனக்கு அது ஏமாற்றமாகத்தான் இருந்தது. பிறகு, கடைசியாக வந்த ஒரு செய்தியைப் படித்துக்காட்டச் சொன்னார். அது இப்படி இருந்தது: “பிள்ளை மேல் அக்கறை இருந்தால் போன வாரமே ஃபீஸ் கட்டியிருப்பீர்கள். அம்மா சொல்லுக்கு ஆடுகிறவருக்கு இதெல்லாம் எங்கே புரியப்போகிறது.” இதில் பிள்ளை சம்பந்தப்பட்ட தகவல் எவ்வளவு என்று கேட்டார். யோசித்துப் பார்த்தால் ஒன்றே ஒன்றுதான்: பள்ளிக் கட்டணம் இன்னும் கட்டப்படவில்லை. மீதி அனைத்தும் எங்கள் திருமணத்தின் பாக்கி. நான் எழுதி வைத்திருந்த பதில் கைப்பேசித் திரையில் இரண்டு முறை தள்ளிப் படிக்கும் நீளம் இருந்தது. என் தாயாரைப் பாதுகாக்கும் வாதங்கள் அதில் நிறைய இருந்தன. இறுதியில் நான் அனுப்பியது இதுதான்: “இரண்டாம் பருவக் கட்டணத்தில் என் பங்கை வெள்ளிக்கிழமைக்குள் செலுத்திவிடுகிறேன். ரசீதை மின்னஞ்சலில் அனுப்புகிறேன்.” ஒவ்வொரு செய்தியையும் அனுப்பும் முன், இதை நீதிபதி படித்தால் எப்படி இருக்கும் என்றும், பதினெட்டு வயதான பிறகு என் மகன் படித்தால் எப்படி இருக்கும் என்றும் அவர் என்னைக் கேட்டுக்கொள்ளச் சொன்னார். இரண்டாவது கேள்விதான் என் கையைக் கட்டியது.

அவர் செய்த வேலையின் பெரும்பகுதி இப்படிச் சின்னச் சின்ன ஏற்பாடுகளே. பிள்ளையை ஒப்படைக்கும் இடத்தை அவர்கள் வீட்டு வாசலிலிருந்து மாற்றி, அவன் மிருதங்க வகுப்பு முடிந்து வெளியே வரும் இடத்தில் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டு எழுதச் சொன்னார். வாசலில் தாத்தா, பாட்டி, மாமா என்று எல்லோரும் நிற்பார்கள். வகுப்பு வாசலில் அவன் மட்டும்தான் நிற்பான். அம்மா காலையில் விட்டுவிட்டுப் போவார், நான் மதியம் அழைத்துக்கொள்வேன். நாங்கள் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. அவன் பையில் ஒரு சிறிய நோட்டு இருக்கும். கடைசியாக மருந்து கொடுத்த நேரம், இன்ஹேலர் எந்த அறையில் இருக்கிறது, திங்கட்கிழமைக்கு எழுத வேண்டிய வீட்டுப்பாடம் என்ன என்பவை மட்டும் அதில் எழுதப்படும். அதைத் தொடங்கியவன் நான். நீண்ட நாட்கள் என் கையெழுத்து மட்டுமே இருந்தது. ஒரு மழைக்கால வாரத்தில், “இரவில் இருமல் இருந்தது, ஐஸ்கிரீம் வேண்டாம்” என்று அவன் அம்மாவின் கையெழுத்திலும் ஒரு வரி வந்தது.

அதனால் எங்கள் பகை தீர்ந்தது என்று எண்ணிவிடாதீர்கள். இன்றும் குத்தல் செய்திகள் வருகின்றன. எதற்குப் பதில் எழுத வேண்டும், எதற்கு வேண்டாம் என்று எனக்குத் தெரிந்திருக்கிறது. அதனால் பத்துச் செய்தியில் முடிந்தது இரண்டில் முடிகிறது. எதிர்த்தரப்பின் போக்கை மூன்று மாதத்தில் மாற்றுவேன் என்று என் கோச் ஒருபோதும் சொல்லவில்லை. வீட்டுக் கடனில் என் பங்கு பற்றி ஒருமுறை கேட்டபோதும், அது வக்கீலிடம் கேட்க வேண்டியது என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார். முழு முன்பணமும் கேட்கவில்லை. சந்திப்புக்குச் சந்திப்பு கொடுத்தேன்.


பதில்: கரும்பலகை (தஞ்சாவூர்)

நான் ஓய்வுபெற்ற தலைமையாசிரியை. எல்லோரும் இவ்வளவு தூரம் எழுதியிருப்பதைப் படித்த பிறகும், இதற்கெல்லாம் காசு கொடுத்து ஆள் வைக்க வேண்டுமா என்ற எண்ணம் எனக்குப் போகவில்லை. முன்பெல்லாம் இரு தரப்பிலும் மதிக்கப்படும் ஒரு பெரியவர், அநேகமாகப் பெண்ணின் தாய்மாமனோ பையனின் பெரியப்பாவோ, நடுவில் உட்கார்ந்து இந்த நேரம், அந்த நாள் என்று முடித்து வைப்பார். இன்றும் அப்படி ஒருவர் உங்கள் குடும்பத்தில் இருந்தால் முதலில் அவரைத் தேடுங்கள் மகளே.

பள்ளிப் பக்கத்திலிருந்து ஒரு சேதி சொல்கிறேன். பிரிந்த பெற்றோரில் ஒருவர் வந்து, மற்றவருக்கு மதிப்பெண் அட்டையைக் காட்டக் கூடாது என்று எங்களிடம் எழுதிக் கொடுப்பார். மறுநாள் மற்றவர் வந்து சத்தம் போடுவார். நீதிமன்ற உத்தரவு கையில் இல்லாத பள்ளி என்ன செய்யும்? எனவே உத்தரவின் நகலை வகுப்பாசிரியரிடம் அல்ல, அலுவலகத்தில் கொடுத்து வையுங்கள். இருவருடைய தொலைபேசி எண்ணும் மின்னஞ்சலும் பதிவேட்டில் இருக்கட்டும்; சுற்றறிக்கை இருவருக்கும் தனித்தனியே போகட்டும். பெற்றோர் கூட்டத்துக்கு இருவரும் வெவ்வேறு நேரம் கேட்டால் பெரும்பாலான ஆசிரியர்கள் மறுக்கமாட்டார்கள். உங்கள் மகளைக் கடிதம் கொண்டுபோகும் ஆளாக ஆக்காதீர்கள். ‘அப்பாவிடம் சொல்’, ‘அம்மாவிடம் கேள்’ என்ற பேச்சு இரண்டு வீட்டிலும் வேண்டாம்.


பதில்: வைகை (மதுரை)

குழந்தைகளோடு பணிபுரியும் உளவியல் ஆலோசகர் நான். கரும்பலகை அம்மா சொன்ன பெரியவர் வழி பல குடும்பங்களில் இன்றும் நடக்கிறது என்பதை மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பெரியவருக்கு மணமுறிவே பிடிக்காதபோது, அவர் நேரம் குறித்துத் தருவதை விட்டுவிட்டுச் சேர்த்து வைக்க முயல்வதையும் நான் நிறையப் பார்த்திருக்கிறேன். பிரிவது என்று முடிவாகிவிட்ட இருவருக்கு அது பழைய காயத்தைக் கிளறுவதாகவே முடிகிறது.

நொய்யல்கரை அவர்களே, நீங்கள் எழுதாத ஒன்றைக் கேட்க வேண்டியிருக்கிறது. உங்கள் மண வாழ்க்கையில் அடி, மிரட்டல், பணத்தை முடக்கி வைத்தல், எங்கே போகிறீர்கள் என்று கண்காணித்தல் போன்றவை இருந்தனவா? இருந்திருந்தால், ‘ஒத்துழைப்போடு வளர்ப்போம்’ என்று சொல்லித்தரும் கோச் உங்களுக்குப் பொருந்தமாட்டார். ஒத்துழைக்கும் முயற்சியே மிரட்டுபவருக்குத் திறந்துவிட்ட கதவாகிவிடும். அந்த நிலையில் 2005-ஆம் ஆண்டு குடும்ப வன்முறைச் சட்டத்தின் கீழ் உள்ள பாதுகாப்பு அலுவலரும், 181 என்ற மகளிர் உதவி எண்ணும்தான் முதல் படி. தகுதியுள்ள எந்தக் கோச்சும் முதல் சந்திப்பிலேயே, உங்களைத் தனியாக வைத்து, இதைக் கேட்டிருப்பார். உங்களிடம் பேசியவர் கேட்டாரா?

அப்படி எதுவும் இல்லை, வெறும் மனக்கசப்புதான் என்றால், உங்கள் இருவருக்கும் கூடிப் பேசி வளர்க்கும் முறையைவிட, தனித்தனித் தடத்தில் வளர்க்கும் முறை ஏற்றது என்று நினைக்கிறேன். கூடிப் பேசுவதற்கு நல்லெண்ணம் வேண்டும். உங்களிடம் இப்போது அது இருப்பில் இல்லை. தனித்தடத்தில் அவர் வீட்டில் இட்லிக்குப் பதில் நூடுல்ஸ் கொடுப்பதும், பத்து மணிக்குத் தூங்கவைப்பதும் அவர் பொறுப்பு. நீங்கள் தலையிட மாட்டீர்கள். மருத்துவம், பள்ளி, பயணம் ஆகிய மூன்றுக்கு மட்டும் எழுத்தில் தகவல் போகும். வாட்ஸ்அப்பை விட்டு மின்னஞ்சலுக்கு மாறினாலே பாதிச் சூடு தணியும். இரண்டு நீலக் கோடு விழுந்தும் பதில் வரவில்லையே என்ற கோபம் மின்னஞ்சலில் இல்லை. இரண்டாம் சனி எழுதிய நோட்டும் மிருதங்க வகுப்பு வாசலும் இந்த முறைதான். அவருடைய கோச் அதற்குப் பெயர் சூட்டாமல் செய்திருக்கிறார்.

மகளின் வயிற்றுவலியைப் பொய் என்று ஒதுக்காதீர்கள். உடனே அப்பாவைப் பிடிக்கவில்லை என்றும் முடிவு கட்டாதீர்கள். முதலில் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். உடலில் ஒன்றும் இல்லை என்றால், கிளம்பும் நேரத்தில் பெரியவர்கள் முகத்தில் இருக்கும் இறுக்கத்துக்கு அவள் உடல் தரும் பதிலாக அது இருக்கக்கூடும். அங்கே போய் அரை மணியில் வலி மறைந்து விளையாடுகிறாளா, இரவு வரை நீடிக்கிறதா, திரும்பி வந்த பின் தூக்கம் எப்படி என்று கவனித்தால் நிறையத் தெரியும். பணம் பற்றி அவள் கேட்டதற்கு, “அது பெரியவங்க பேசிக்கிற விஷயம் கண்ணு, நீ அதைப் பத்திக் கவலைப்பட வேண்டாம்” என்ற அளவு போதும். உங்கள் தரப்பு நியாயத்தை எட்டு வயதுப் பிள்ளையிடம் விளக்கத் தொடங்கினால் அவளை நடுவராக உட்கார்த்திவைத்துவிடுவீர்கள். நேரில் பார்க்க முடியாத நாட்களில் தொலைபேசியிலும் காணொலியிலும் பேசுவது பிள்ளையின் நலனுக்குத் தேவை என்று 2020-இல் யஷிதா சாகு வழக்கில் உச்ச நீதிமன்றம் வலியுறுத்தியிருக்கிறது. ஆகவே அழைப்புக்கு ஒரு நேரத்தை நீங்களே முன்வந்து சொல்லுங்கள், அந்த நேரத்தில் அறையை விட்டு வெளியே போய்விடுங்கள்.

கோச்சின் தகுதி பற்றி: பன்னாட்டு கோச்சிங் கூட்டமைப்பின் சான்றிதழ் என்று சிலர் காட்டுவார்கள். அது கோச்சிங் என்னும் பொதுவான திறனுக்கு உரியது. குடும்பச் சட்டமோ குழந்தை உளவியலோ தெரியும் என்பதற்கு அது சான்று ஆகாது. இதற்கு முன் என்ன தொழில் செய்தார், குழந்தையின் பாதுகாப்பில் சந்தேகம் வந்தால் என்ன செய்வார், நடுவில் நிறுத்தினால் மீதிப் பணம் திரும்ப வருமா என்று கேளுங்கள். உங்களுக்கே தூக்கமில்லை, பசியில்லை, எதிலும் பிடிப்பில்லை என்றால் அது கோச்சுக்கு உரிய வேலை அல்ல. மனநல உதவிச் சேவையான டெலிமானஸின் 14416 எண்ணில் கட்டணமின்றித் தமிழில் பேசலாம்.


நொய்யல்கரை (கேள்வி கேட்டவர்)

அனைவருக்கும் நன்றி. வைகை அவர்களே, வன்முறை எதுவும் இருந்ததில்லை. இரு குடும்பங்களின் தலையீடும், பேசினால் பேச்சு முற்றிவிடும் பழக்கமும்தான். அந்தக் கோச் அப்படி எதையும் என்னிடம் கேட்கவில்லை என்பது நீங்கள் எழுதியதைப் படித்த பிறகுதான் உறைத்தது. முன்பணம் கட்டப்போவதில்லை, ஆவணங்களும் அனுப்பவில்லை. உள்ளூரிலேயே, சந்திப்புக்குச் சந்திப்பு கட்டணம் பெறும் ஒருவரை, செய்தி எழுதும் பயிற்சிக்கு மட்டும் பார்க்கலாம் என்றிருக்கிறேன்.

கறுப்பு அங்கி ஐயாவிடம் ஒரு சந்தேகம். நேரம், பண்டிகை, அழைப்பு ஆகியவற்றை எழுதி அவருக்கு மின்னஞ்சல் அனுப்பி, அவரும் ‘சரி’ என்று பதில் போட்டுவிட்டால் அதுவே போதுமா? தீபாவளி நெருங்குகிறது.


பதில்: கறுப்பு அங்கி (சென்னை)

தீபாவளிக்குப் போதும், அதற்கு மேல் போதாது. மின்னஞ்சலில் இருவரும் ஒப்புக்கொண்டது, பின்னால் தகராறு வந்தால் நல்ல சாட்சியம் ஆகும். ஆனால் மீறினால் அமல்படுத்தக் கேட்பதற்கு அது நீதிமன்ற உத்தரவு அல்ல. இப்போது 26-ஆம் பிரிவில் மனுப் போட்டாலும் பண்டிகைக்கு முன் அவருக்கு நோட்டீஸ் போய்ச் சேர்ந்து விசாரணைக்கு வருவது கடினம். எனவே இந்த ஆண்டுக்கு மட்டும் என்று தெளிவாக எழுதி ஒரு முன்மொழிவு அனுப்புங்கள். தீபாவளிக்கு முந்தின நாள் மாலை முதல் பண்டிகை அன்று நண்பகல் வரை ஒருவரிடம், அதன் பின் மறுநாள் மாலை வரை மற்றவரிடம் என்பது போல மணிக்கணக்கோடு இருக்கட்டும். எண்ணெய்க் குளியல் எந்த வீட்டில் என்பதில்தான் பெரும்பாலும் இழுபறி வரும், அதை இந்த ஆண்டு அவர்களுக்கு விட்டுக்கொடுத்துவிட்டு அடுத்த ஆண்டு உங்களுக்கு என்று அதே மின்னஞ்சலில் எழுதுங்கள். பதிலுக்கு ஒரு தேதியும் குறிப்பிடுங்கள்.

பண்டிகை முடிந்ததும் அந்த ஏற்பாட்டில் எது ஒத்துவந்தது, எது வரவில்லை என்று குறித்துக்கொண்டு சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் சமரசத்துக்கு விண்ணப்பியுங்கள். அங்கே ஒப்பந்தம் ஆனால், இருவரும் கையெழுத்திட்ட கூட்டு மனுவாக அதை நீதிமன்றத்தில் தாக்கல் செய்து உத்தரவாக வாங்கிவிடலாம். விவாகரத்துத் தீர்ப்பின் சான்றிட்ட நகல் உங்களிடம் இல்லையென்றால் இந்த வாரமே நகல் மனுப் போட்டுவிடுங்கள். அது கைக்கு வர நாளாகும்.